புதுவிதை பொய்த்தால் பழைய விதைக்குத் திரும்பும் வழி

புதிதாகக் கிடைத்த ஒரு நெல்லை நம்பி, வழக்கமாகப் பயிரிட்டு வந்த நெல்லை முற்றும் கைவிட்ட குடியானவர், புதுநெல் நோயினாலோ மழையினாலோ பொய்த்தவுடன் பழைய நெல்லுக்குத் திரும்ப எண்ணுவது இயல்பே. ஆயினும், அவர் பத்தாயத்தைத் திறந்து பார்க்கையில் விதைக்குரிய பழைய நெல் ஒரு மரக்கால்கூட இல்லையெனில், திரும்புவதற்கு வழி ஏது? பூதப்பாண்டியைச் சுற்றியுள்ள வயல்களில் புரட்டாசியை ஒட்டி அறுவடையாகும் கன்னிப்பூவுக்கும், மாசியை ஒட்டி அறுவடையாகும் கும்பப்பூவுக்கும் இடையே கிடைக்கும் அவகாசம் சொற்பமானது. அந்த நாட்களுக்குள் விதை தேடி அலைபவர், எந்த ஊர் நெல் கிடைத்தாலும் வாங்கி விதைக்க நேரிடும். அதனால் ஒரு போக நஷ்டம் இரண்டு போக நஷ்டமாகும். பழையதற்குத் திரும்பும் வழியைப் புதியதை ஏற்பதற்கு முன்பே அமைத்து வைக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முன் நிகழ்ந்தவை

புதிய விதைகள் யாவும் தீயவை என்று கூறுவது தவறு. அவற்றால் மகசூல் பெருகிற்று என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் அவை சில காலங்களில் சறுக்கியதும் உண்மையே. தைவானிலிருந்து வந்த ‘தைச்சுங் நேட்டிவ் 1’ என்னும் குட்டை நெல் 1960-களின் நடுவில் இந்தியாவிற் பரப்பப்பட்டபோது, பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு எளிதில் இரையாயிற்று. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ.ஆர். 8, உரத்தை ஏற்று மிகுந்த விளைச்சல் தந்தது. எனினும் நோய்க்கும் புகையான் பூச்சிக்கும் தாக்குப்பிடிக்கும் சக்தி அதற்குப் போதவில்லை. அதன் சோறும் ஆறியபின் விறைத்துப்போயிற்று. 1973–74-இல் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் குட்டநாட்டில் புகையான் பெருகி விளைவித்த சேதம் பலரும் அறிந்தது.

நாஞ்சில் நாட்டின் அனுபவமும் கருதத்தக்கது. திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1980-களில் வெளியிட்ட டி.பி.எஸ். 1 என்னும் நெல், ஐ.ஆர். 8-ஐயும் இந்நாட்டுப் பழைய நெல்லாகிய கட்டிச்சம்பாவையும் கலந்து உண்டாக்கப்பட்டதாகும். புதுநெல் வந்தது என்று கட்டிச்சம்பாவை எல்லோரும் அடியோடு ஒழித்திருந்தால், அக்கலப்புக்கு ஒரு பெற்றோர் கிடைத்திராது. காப்பாற்றிய பழைய விதை, பின்வரும் புதியதற்கும் வித்தாகிறது.

குற்றம் விதையினதா?

திரும்புமுன் ஒன்றைத் தெளிதல் வேண்டும். பயிர் பொய்த்தது விதையின் குற்றமா, செய்முறையின் குற்றமா? தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டதும், நெருங்க நட்டதும், வயலில் ஓயாது நீர் தேக்கியதும் புகையானுக்கு விருந்து வைத்தது போலாகும். இக்குறைகளால் நேர்ந்த நஷ்டத்தை விதையின்மேற் போட்டுவிட்டுப் பழைய நெல்லை அதே முறையில் பயிரிட்டால், உயர்ந்து வளரும் அப்பயிர் கதிர் முற்றுமுன்னரே சாய்ந்துவிடும். முன்னதினும் பெரிய நஷ்டமே கிட்டும். ஆகவே புதுநெல்லை முதன்முதல் இடும் ஆண்டில், அதே வயலின் ஒரு பகுதியில், அதே நாளில், பழைய நெல்லையும் நட்டுப் பார்த்தல் உத்தமம். இரண்டும் அருகருகே நின்றாலன்றி எது குற்றம் என்று கூற இயலாது.

காப்பு விதை

புதுநெல்லுக்கு மாறும் ஒவ்வொருவரும் 5 சென்ட் நிலத்தையேனும் பழைய நெல்லுக்கென்று ஒதுக்கவேண்டும். ஏக்கருக்கு ஒரு டன் வீதம் மிகக் குறைந்த விளைச்சலே கண்டாலும், 5 சென்டில் 50 கிலோ நெல் கிடைக்கும். குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்கு 24 கிலோ விதை என்னும் கணக்கின்படி, அது ஏறத்தாழ இரண்டு ஏக்கருக்குப் போதும். நீண்ட கால நெல்லாயின் இன்னும் அதிக நிலத்துக்கு வரும். ஆண்டுக்கு 5 சென்டின் வருமானக் குறைவு, பயிர் முழுதும் பொய்ப்பதால் வரும் நஷ்டத்தின் முன் ஒரு பொருட்டன்று.

இவ்விதைப் பாத்திக்கும் பிற நெல் வயலுக்கும் இடையே 3 மீட்டர் இடைவெளி இருத்தல் நலம். பூக்கும் தருணத்தில் ஒரு முறையும் அறுவடைக்கு முன் ஒரு முறையும் வயலில் இறங்கி, உயரத்திலோ கதிரிலோ மணியின் நிறத்திலோ வேறுபடும் பயிரைக் களைந்தெறிய வேண்டும். களத்தைப் பெருக்கிய பின்னரே இதனை அடிக்கவேண்டும். சாக்குகளை உட்புறம் வெளியாகத் திருப்பி உதறிய பின்னரே நெல்லை அளந்து கொட்டவேண்டும். ஈரம் 13 விழுக்காட்டுக்கு மேற்படாதவாறு காயவைத்துச் சேமிக்கவேண்டும். முன்னோர் வைக்கோற்புரி சுற்றி விதைக்கோட்டை கட்டியதும், விதையை நொச்சி, வேம்பு இலைகளுடன் வைத்ததும் இக்கருத்துப் பற்றியே.

விதை நெல் ஆண்டுகள் பல கிடந்தால் முளைப்பு குன்றும். ஆகவே காப்பு விதையைப் பூட்டி வைப்பதோடு நில்லாமல், ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பித்தல் அவசியம். விதைப்புக்கு முன் 100 மணிகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து எண்ணிப் பார்க்கலாம். 80-க்குக் குறைவாக முளைத்தால் அவ்விதை ஆகாது. 10 லிட்டர் நீரில் புதிய கோழிமுட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்து, அதில் விதையை இட்டு, மிதக்கும் பதரை நீக்கி, மூழ்கிய மணிகளை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவி விதைப்பது நன்று.

விதை கைவிட்டுப் போயிருந்தால்

அப்போதும் மனம் தளர வேண்டுவதில்லை. காலஞ்சென்ற ‘நெல்’ ஜெயராமன் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை கொடுத்து மறு ஆண்டில் 4 கிலோவாகத் திரும்பப் பெறும் ஏற்பாட்டினால் மறைந்துகொண்டிருந்த பல நெல்வகைகளைக் குடியானவர் கைகளுக்கு மீட்டுத் தந்தார். இவ்வாறு கிடைக்கும் 2 கிலோவை முதற்போகத்தில் விதைப் பெருக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தி, அடுத்த ஆண்டிலேயே வயலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவசரத்தால் விதையை உண்டுவிட்டால் மீண்டும் முதலடியே.

வயலைத் துப்புரவு செய்தல்

பழைய விதை கையில் இருந்தும், முந்திய போகத்தில் உதிர்ந்த புதுநெல் மணிகள் வயலில் முளைத்துக் கலந்துவிடுவதுண்டு. ஆதலால் நடவுக்கு முன் வயலை நனைத்து, உதிர்மணிகளும் களைகளும் முளைக்கும்வரை பொறுத்து, பின் உழுது சேற்றில் அமிழ்த்திவிடுதல் வேண்டும். பகற்பொழுது குறுகும் பருவத்திலேயே பூக்கும் இயல்புள்ள பழைய நெடுங்கால நெல்லைக் கும்பப்பூவுக்கே கொள்ளவேண்டும். கன்னிப்பூவில் இட்டால் தழையாகவே வளர்ந்து காலத்தைக் கடத்தும்.

மடை முழுதும் ஒன்றாக

எல்லாவற்றினும் முக்கியமானது இதுவே. ஒரு மடையில் பாயும் வயல்களில் ஒருவர் மட்டும் நீண்ட கால நெல்லுக்குத் திரும்பினால், அண்டை வயல்கள் அறுத்த பின்னர் எலியும் பறவையும் பூச்சியும் அவர் வயலிலேயே கூடும். நீரும் அவருக்காகத் திறந்திராது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் 1970-களில் புதுநெல்லுடன், அவரவர் விரும்பியபடி அடிக்கடி நடும் வழக்கமும் புகுத்தப்பட்டது. சுபக் என்னும் பாசனச் சங்கங்கள் நீர்க் கோயில்களின் வழியாக ஒழுங்குபடுத்தி வந்த பழைய முறைவைப்பு கைவிடப்பட்டது. நீர்த்தட்டும் பூச்சித்தொல்லையும் பெருகவே, 1980-களில் குடியானவர் பழைய முறைவைப்புக்கே திரும்பினர். அமெரிக்க மானிடவியலறிஞர் ஸ்டீபன் லான்சிங் இம்முறையின் பயனை ஆராய்ந்து எடுத்துக்காட்டினார். அங்கே திரும்பி வந்தது விதையன்று, ஒற்றுமையான காலக்கணக்கேயாகும்.

ஆகவே தண்ணீர் திறக்குமுன் ஒவ்வொரு மடைக்காரரும் கூடி, இன்ன நெல், இன்ன வாரத்தில் நாற்று, இன்ன வாரத்தில் நடவு என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இக்கூட்டத்தைக் கூட்டுவதோடு, எந்த வயலில் எந்த நெல், எந்நாளில் நடப்பட்டது, யார் வசம் காப்பு விதை உள்ளது என்னும் விவரங்களைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வருவார்களாயின், பயிர் பொய்க்கும் ஆண்டில் ஊர் முழுதுக்கும் அது பேருதவியாகும்.

புதியதை ஏற்க அஞ்சவேண்டியதில்லை. திரும்பும் பாதையை அடைத்துவிட்டு ஏற்பதே அஞ்சத்தக்கது. வரும் கன்னிப்பூவிலேயே 5 சென்ட் நிலத்தைக் காப்பு விதைக்கு ஒதுக்குதல் மிராசுதாரர் ஒவ்வொருவரின் கடமையாகும்.