பள்ளிக்கு நடந்தும் மிதிவண்டியிலும் குடும்பத்தோடு செல்வது எப்படி? – சந்தேகங்களும் விளக்கங்களும்

ஒரகடம் சிப்காட்டுக்குச் செல்லும் கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், பள்ளிக் குழந்தைகள் ஆகிய மூன்றும் காலையில் ஒரே நேரத்தில் சாலைக்கு வரும் ஊர் சேரப்பணஞ்சேரி. குழந்தைகளைப் பெற்றோர் நடத்தியோ மிதிவண்டியிலோ அழைத்துச் செல்லும் வழக்கம் பல நாடுகளில் ஊக்குவிக்கப்படுகிறது. இவ்வூர் அமைந்துள்ள வண்டலூர் – வாலாஜாபாத் சாலை போன்ற தொழில்தடத்தில் அது எந்த அளவுக்குச் சாத்தியம், சட்டம் என்ன சொல்கிறது என்பது குறித்த விளக்கங்கள் இங்கே.

'நடைப் பேருந்து' என்கிறார்களே, அது என்ன?

ஒரே பள்ளிக்குச் செல்லும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளை ஓரிரு பெரியவர்கள் குழுவாக நடத்தி அழைத்துச் செல்லும் முறை இது. பேருந்துக்கு இருப்பதுபோலவே குறித்த வழி, குறித்த நேரம், குழந்தைகள் வந்து சேர்ந்துகொள்ளும் நிறுத்தங்கள் உண்டு. ஜப்பானில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் இப்படிக் குழுவாக நடந்து செல்வது நெடுங்கால வழக்கம். மிதிவண்டியில் செல்லும் இதே முறை 2021-ல் ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் பரவலாகக் கவனம் பெற்றது.

எத்தனை குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும்?

இந்தியாவில் இதற்கெனத் தனி விதி இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரைப்படி, 4 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளில் மூவருக்கு ஒருவரும், 7 முதல் 9 வயது வரை ஆறு பேருக்கு ஒருவரும் உடன் செல்ல வேண்டும். கனரக வாகனங்கள் ஓடும் இந்தப் பகுதியில் அதைவிடக் கூடுதலானோர் இருப்பதே நல்லது. குழுவின் முன்னால் ஒருவரும் கடைசியில் ஒருவரும் கட்டாயம் தேவை.

பள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளின்படி, 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை 1 கி.மீ. நடை தூரத்துக்குள்ளும், 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 3 கி.மீ.க்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். சிறு குழந்தையுடன் 1 கி.மீ. நடக்க 15 முதல் 20 நிமிடங்கள் ஆகும். மிதிவண்டியில் 3 கி.மீ. செல்லவும் ஏறத்தாழ அதே நேரம்தான்.

அந்தத் தூரத்துக்குள் பள்ளி இல்லாவிட்டால்?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், பள்ளி வசதி இல்லாத குடியிருப்புகளின் குழந்தைகளுக்குப் போக்குவரத்து அல்லது வழித்துணைச் செலவாக ஆண்டுக்கு ஒருவருக்கு ரூ.6,000 வரை அளிக்க இடமுண்டு. இதற்குத் தலைமையாசிரியரை அணுக வேண்டும்.

சாலையின் ஒருபுறம் வீடு, மறுபுறம் பள்ளி. எப்படிக் கடப்பது?

குழுவுக்கான வழியைத் தீர்மானிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நடுத்தடுப்பின் இடைவெளியில் நுழைந்து கடப்பது தூரத்தைக் குறைத்தாலும் மிக ஆபத்தானது. நின்றிருக்கும் பஸ்ஸுக்கு முன்னால் வரும் குழந்தை, அதை முந்திச் செல்லும் லாரி ஓட்டுநரின் கண்ணில் படாது. சிக்னலோ போக்குவரத்துக் காவலரோ உள்ள சந்திப்பு வரை கூடுதலாக நடப்பதே சரி. நடைபாதை இல்லாத இடத்தில், எதிரே வரும் வாகனம் தெரியும்படி சாலையின் வலப்புற ஓரத்தில் வரிசையாக நடக்க வேண்டும்.

நடைபாதை இல்லாததற்கு யார் பொறுப்பு?

மாநில நெடுஞ்சாலைக்கு மாநில நெடுஞ்சாலைத் துறையும், ஊர்த் தெருக்களுக்கு ஊராட்சியும் பொறுப்பு. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 14 அன்று கூறியது. பாதசாரிகள், மோட்டார் இல்லா வாகனங்கள் தொடர்பாகவும் தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்புத் தரம் குறித்தும் 6 மாதங்களில் விதிகள் வகுக்க மாநிலங்களுக்கு 2025 அக்டோபர் 7 அன்று அது உத்தரவிட்டது. இந்திய சாலைப் பேரவையின் 2012-ஆம் ஆண்டு நெறிமுறை, நடைபாதையின் குறைந்தபட்ச அகலத்தை 1.8 மீட்டர் என வரையறுக்கிறது.

அரசின் விலையில்லா மிதிவண்டி யாருக்குக் கிடைக்கும்?

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு பயிலும் மாணவ, மாணவியருக்கு, பள்ளி வழியாக வழங்கப்படுகிறது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கிய திட்டம், 2005-06-ல் விரிவாக்கப்பட்டது. 3 கி.மீ. தூரம் செல்லும் 6, 7, 8-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு இதில் இடமில்லை என்பது பெரிய குறையே.

கேரியரில் குழந்தையை உட்கார வைக்கலாமா? ஹெல்மெட் கட்டாயமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் ஹெல்மெட் விதி மோட்டார் சைக்கிளுக்கு உரியது, மிதிவண்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் குழந்தைக்கு அணிவிப்பதே பாதுகாப்பு. கேரியரில் உட்காரும் குழந்தையின் குதிகால் பின்சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கிக் கிழிவது அடிக்கடி நேரும் காயம். சக்கரத்தின் இருபுறமும் வலைத்தடுப்பும், கால் வைக்கப் படியும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் பொருத்திய பிறகே ஏற்ற வேண்டும்.

பைக்கில் இரண்டு குழந்தைகளை ஏற்றிச் செல்கிறோம். இது தவறா?

ஓட்டுநரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம், மீறினால் ரூ.1,000 அபராதமும் 3 மாதம் உரிமத் தகுதியிழப்பும் உண்டு. 4 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால் பாதுகாப்புப் பட்டை கட்டி, 40 கி.மீ. வேகத்துக்குள் ஓட்ட வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் அமலில் உள்ளது.

பத்தாம் வகுப்பு மகனிடம் ஸ்கூட்டரைக் கொடுத்து அனுப்பலாமா?

கூடாது. 50 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட 18 வயது நிறைந்து, உரிமம் பெற்றிருக்க வேண்டும். சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும், வண்டிக்கு 12 மாதப் பதிவு ரத்தும் உண்டு. அந்தச் சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

அப்பா, அம்மா இருவருக்கும் ஷிஃப்ட் வேலை. யார் அழைத்துச் செல்வது?

ஷிஃப்ட் மாறும் வாரத்தில் குழு நின்றுபோகாமலிருக்க, யாருக்கு எந்த நாள் என்பதை முன்கூட்டியே எழுதி, வேலைக்குச் செல்லாத தாத்தா, பாட்டிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். 2023 ஆகஸ்ட் 25 முதல் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை காலை உணவு வழங்கப்படுகிறது. வகுப்புக்கு முன்பே பரிமாறப்படுவதால், உணவு நேரத்தை வைத்தே புறப்படும் நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

வேகத்தடை, கடக்கும் இடம், காவலர் வேண்டுமெனில் யாரிடம் கேட்பது?

பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, நெடுஞ்சாலைத் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்பலாம். திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்வுக் கூட்டத்திலும், முதல்வரின் உதவி மைய எண் 1100-லும் மனு அளிக்கலாம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்பதைக் கூட்டம் முடியும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.