மரத்தைக் காக்கும் ஈ

ஈ என்றாலே நோய் பரப்பும் பகை என்றுதான் பள்ளியில் பணியாற்றிய காலமெல்லாம் மாணவர்க்குப் போதித்துவந்தேன். அப்பாடத்துக்கு ஒரு திருத்தம் வேண்டும் என்பதை ஓய்வுபெற்ற பின்னரே உணர்ந்தேன்.

ஐரோப்பாவில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடுகள் உண்டு. அங்கே மெடெடெரா சிக்னாடிகார்னிஸ் என்னும் நெடுங்கால் ஈ, அடிமரத்தில் தலை மேல்நோக்க நிமிர்ந்து, காவலனைப்போல் நிற்கும். மெல்லுடற் சிறு பூச்சிகளைப் பிடித்துண்ணும்.

அம்மரங்களின் கொடும்பகை பட்டைவண்டு. நான்கைந்து மில்லிமீட்டரே நீளமுள்ள அது பட்டைக்கடியில் குடைந்து முட்டையிடும். அதன் புழுக்கள் மரத்தின் உணவோட்டத்தை அறுத்துவிடும். 2018-ஆம் ஆண்டு வறட்சிக்குப்பின் மத்திய ஐரோப்பாவில் பெருங்காடுகள் இவ்வாறு மடிந்தன.

வண்டு தாக்கிய மரத்தை மணத்தால் அறிந்து ஈ அங்கே வந்து, பட்டையில் முட்டையிடுகிறது. ஈயின் புழுக்கள் வண்டு குடைந்த வழியே உள்நுழைந்து, வண்டுப் புழுக்களைத் துளைத்து உறிஞ்சுகின்றன. வண்டுகள் அளவின்றிப் பெருகிவிட்டால் இவ்வீயால் மட்டும் அவற்றை அடக்க இயலாது. ஆயினும், வண்டுகள் பறந்துபோன பட்டமரத்திலும் இப்புழுக்கள் எஞ்சியிருக்கும். அம்மரத்தையும் வெட்டி எரித்தால், பகைவர் தப்பியபின் காவலரை எரித்தவராவோம்.

மாணவர்க்கு இன்று ஒன்று சொல்வேன்: கையை ஓங்குமுன், அது எந்த ஈ என்று பாருங்கள்.