வெளிச்சுவருக்கு எஃகு பேனல்: மட்டாஞ்சேரியின் உப்புக்காற்றில் கவனிக்க வேண்டியவை என்ன?

கொச்சி: மட்டாஞ்சேரி பஜார் சாலையின் பழைய மிளகு, சுக்குக் கிடங்குகள் செம்புரைக்கல்லால் எழுப்பப்பட்டுச் சுண்ணாம்பு பூசப்பட்டவை. மலையாளத்தில் 'வெட்டுகல்' எனப்படும் இக்கல் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளிவிடும். கடலுணவு ஏற்றுமதி வேரூன்றிய அதே நகரில், குளிர்பதனக் கிடங்குகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் இன்று தேர்ந்தெடுக்கப்படும் சுவர் முற்றிலும் வேறானது. தொழிலில் 'பஃப் பேனல்' என்று வழங்கப்படும் அது, காற்றையும் நீரையும் சிறிதும் உள்ளே விடாதபடி வடிவமைக்கப்பட்டது.

இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே நுரையோ பாறை இழையோ நிரப்பப்பட்ட பலகையே இந்தப் பேனல். தகட்டின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். வெப்பத்தைத் தடுப்பது தகடு அன்று, நடுவில் உள்ள நிரப்பு.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, கொச்சி போன்ற வெப்ப ஈரப் பகுதிகளில் பெரும்பாலான வணிகக் கட்டடங்களுக்கு ஓர் வரம்பை வகுத்தது. உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கையில், ஒரு சதுர மீட்டர் வெளிச்சுவர் 0.40 வாட்டுக்கு மேல் வெப்பம் கடத்தக் கூடாது. பூசப்பட்ட ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 2 வாட் கடத்தும். 60 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் பேனலோ இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். எடையும் சதுர மீட்டருக்கு 10 முதல் 12 கிலோதான்; செங்கல் சுவர் 400 கிலோவைத் தாண்டும். கொச்சியின் இளகிய களிமண் நிலத்தில் அடித்தளச் செலவைக் குறைக்க இது உதவும்.

ஆனால் நாள் முழுவதும் மூடிக் குளிரூட்டப்படும் கட்டடத்துக்கே இந்தச் சுவரின் முழுப்பயன் கிடைக்கும். கதவைத் திறந்து வைத்து வணிகம் நடத்தும் கடைக்கு அவ்வளவு பயன் இல்லை. காற்றோட்டமின்றி மூடிய பேனல் கிடங்கில் சரியாக உலராத மிளகை அடுக்கினால், அதன் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கவும் கூடும்.

உப்புக்காற்றில் துரு முதலில் தோன்றுவது பெரும்பாலும் வண்ணம் பூசிய பரப்பில் அல்ல. வெட்டப்பட்ட விளிம்புகளிலும் திருகாணித் துளைகளிலும்தான். துளையிடும்போது சிதறும் இரும்புத் துகள்களை அன்றே துடைக்காவிட்டால் அவையே துருக்கறையாகப் படியும். இணைப்புகளும் அதே அளவு முக்கியம். குளிர் நாடுகளில் நீராவி உள்ளிருந்து வெளியே நகரும். கொச்சியின் குளிரூட்டப்பட்ட கட்டடங்களில் அது வெளியிலிருந்து உள்ளே நுழையும். ஆகவே இங்கு ஆவித்தடுப்பு வெளிப்புற இணைப்பில் அமைய வேண்டும். உட்புற இணைப்பை மட்டும் அடைத்து வெளிப்புறத்தை விட்டால், நிரப்புக்குள் நீர் தேங்கும்.

உயிரோடு தொடர்புடைய கேள்வி தீ. தென்கொரியாவின் இச்சியோன் நகரில் 2008 ஜனவரியில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மூண்ட தீயில் 40 பேர் உயிரிழந்தனர். அதே நகரில் 2020 ஏப்ரலில் கட்டுமானத்தில் இருந்த கிடங்கில் 38 பேர் பலியாகினர். இரு விபத்துகளிலும் யூரித்தேன் நுரை முக்கியக் காரணியாகப் பேசப்பட்டது. தகடுகளுக்கு நடுவே தீ பரவினால் வெளியே தெரியாது. பீய்ச்சும் நீரும் அதை எட்டாது. பாலியூரித்தேன் எரிகையில் ஹைட்ரஜன் சயனைடு கலந்த நச்சுப்புகை எழும். தீயணைப்பு வாகனம் திரும்பவே இடமில்லாத சந்துகள் கொண்ட மட்டாஞ்சேரியில் இதைப் புறக்கணிக்க இயலாது.

பாறை இழை எரியாது. ஆனால் அதே வெப்பத்தடைக்கு ஏறக்குறைய இருமடங்கு தடிமன் தேவை. நனைந்தால் வெப்பத்தடையை இழந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் இது சிறிய குறையன்று. இருப்பினும் சந்துகளுக்குள் அமையும் கட்டடங்களுக்குப் பாறை இழையே பாதுகாப்பான தேர்வு. கசியும் இணைப்பைப் பழுதுபார்க்கலாம், பற்றியெரியும் நுரையை நிறுத்துவது கடினம்.

பாரம்பரிய மண்டலத்தில் முகப்பை மாற்ற அனுமதி பெற வேண்டியிருப்பதால், பழைய செம்புரைக்கல் சுவரை அப்படியே விட்டு உள்ளே பேனல் அறை அமைப்பதே எளிது. அப்போதும் இரண்டு சுவர்களுக்கும் இடையே ஆள் நுழைந்து பார்க்கும் அளவு இடைவெளி விடுவது நல்லது. கல் வெளிவிடும் ஈரம் தகட்டில் படிவதை அப்போதுதான் காண முடியும்.