எண்பது வயதுக் குரலில் ஒரு பழைய ஆல்பம்

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ 1973 மார்ச்சில் வெளியானது. பாடல்வரிகளை எழுதிய ரோஜர் வாட்டர்ஸ், பழைய கூட்டாளிகள் யாருமின்றி அதை மறுபடி பதிவுசெய்து 2023 அக்டோபரில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 80. ரசிகர்கள் இரண்டுபட்டார்கள். பழைய கூட்டாளி டேவிட் கில்மரின் பேர்பெற்ற கிட்டார் வாசிப்பு இதில் இல்லை. ‘மணி’ பாட்டு முணுமுணுப்பாக ஊர்கிறது. மூலத்தில் பாடகி கிளேர் டோரி சொல்லே இல்லாமல் குரலெடுத்துக் கதறிய இடத்தில், நோயுற்ற கவிஞர் டொனால்ட் ஹாலைப் பற்றிய கடிதத்தை வாட்டர்ஸ் வாசிக்கிறார். இளமையில் மரணத்தைப் பற்றி எழுதியவர் இப்போது அதன் அருகே நின்று பேசுகிறார் என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். இசையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பேச்சுதானே என்பது மற்றவர்களின் கேள்வி. அதிலும் நியாயம் உண்டு. ‘டைம்’ பாட்டுக்கு அந்த முதிய குரல் கச்சிதமாகப் பொருந்துகிறது. மற்றவற்றுக்கு மூலமே தேவலை.