குன்று தேயும் கணக்கு சரியா?

பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் சார்னோக்கைட் பாறை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. மழையில் அவை தேய்ந்த விதத்தைக் கணினி மாதிரி கணக்கிட்டுக் காட்டும். திரையில் வரும் குன்று நிஜக் குன்றைப் போலவே இருந்தால் போதுமா? போதாது. வேகமாகத் தேய்ந்தும் மெதுவாகத் தேய்ந்தும் ஒரே வடிவம் வரலாம்.

அதனால் வேகத்தைத் தனியே அளக்க வேண்டும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், பாறையின் குவார்ட்ஸ் மணியிலுள்ள ஆக்சிஜனைச் சிதைத்து பெரிலியம்-10 அணுக்களை உண்டாக்குகின்றன. மேற்பரப்பு மெதுவாகத் தேய்ந்தால் அவை நிறையச் சேரும். வேகமாகத் தேய்ந்தால் குறையும். அத்திரம்பாக்கம் கற்கருவிகளின் 15 லட்சம் ஆண்டு வயதைக் கணிக்கவும் இந்த அணு உதவியது!

கணினி மாதிரி சொல்லும் வேகம் பெரிலியம்-10 காட்டும் வேகத்தோடு ஒத்துப்போனால்தான் அதை நம்பலாம். கல்குவாரி வெட்டிய முகத்தில் இந்தச் சோதனை செல்லாது; மேற்பரப்போடு அணுக்களும் போய்விடும். வெட்டாமல் மிஞ்சியிருக்கும் உச்சிகளையாவது விட்டுவையுங்கள்.