ஊர் திரும்பும் மொழி

கரீபியன் தீவான செயின்ட் வின்சென்டில் கோடை விடுமுறை முகாமுக்கு வரும் சிறுவர்கள் "புயிட்டி பினாஃபி" என்று சொல்லப் பழகுகிறார்கள். காலை வணக்கம் என்று பொருள். மூதாதையரின் கரிஃபுனா மொழிதான். ஆனால் இவர்களது தாத்தா பாட்டிக்கே தெரியாது.

ஆப்பிரிக்கர்களும் தீவின் பழங்குடிகளும் கலந்து உருவான இனம் கரிஃபுனா. 1795-ல் தலைவர் சத்தோயே போரில் கொல்லப்பட்டார். பிடிபட்டவர்களை பிரிட்டிஷார் பாலிசோ என்ற குட்டித் தீவில் அடைக்க, ஏறக்குறைய பாதிப்பேர் அங்கேயே மாண்டனர். எஞ்சிய 2,000-க்கும் அதிகமானோர் 1797-ல் கப்பலேற்றப்பட்டு, ஹோண்டுராஸை ஒட்டிய ரோவத்தான் தீவில் இறக்கிவிடப்பட்டனர்.

விசித்திரம் என்னவென்றால், விரட்டப்பட்டவர்களிடம்தான் மொழி பிழைத்தது. ஊரிலேயே தங்கிவிட்டவர்களின் சந்ததி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. எனவே பெலீஸிலும் நியூயார்க்கிலும் வேர்விட்ட வாரிசுகள் வந்து, பாட்டும் முரசுமாகச் சொல்லித்தருகிறார்கள்.

எண்களே ஒரு சரித்திரப் பாடம். அபன், பியாமா, உருவா என மூன்றுவரை சொந்தச் சரக்கு. நான்கிலிருந்து பிரெஞ்சு இரவல். எண்ணுவதற்குச் சில நாள் போதும். பேசுவதற்கு?

2001-ல் யுனெஸ்கோ இம்மொழியையும் இசை, நடனத்தையும் மானுடப் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. ஆனால் முகாம் முடிந்து வீடு திரும்பும் சிறுமி "புயிட்டி பினாஃபி" என்றால், பதில் சொல்ல வீட்டில் ஆளில்லை.