சக்கையில் கொழுக்கும் இறால்

மஞ்சளாகி உதிரும் சுரபுன்னை இலையில் சத்து என்று அதிகம் மிச்சமிருப்பதில்லை. உதிர்க்கும் முன்பே தழைச்சத்தில் பெரும்பங்கை மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சுவது நார், லிக்னின், துவர்க்கும் டானின். கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் கழிகளில் ஆண்டு முழுவதும் விழுவது இந்தச் சக்கைதான். அங்கு வளரும் இறால் குஞ்சுகளின் ஆகாரத்தில் இதற்கும் பங்கு உண்டு.

முதல் வேலை தண்ணீருடையது. இலை ஊறிய சில நாட்களிலேயே சர்க்கரையும் சாம்பல் சத்தும் டானினில் ஒரு பகுதியும் தேநீர்ச் சாயம்போல இறங்கிவிடுகின்றன. துவர்ப்பு தணிந்ததும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வழவழவென்று படர்கின்றன. இவை இலையின் நாரைத் தின்று கார்பனைக் கரியமில வாயுவாக விடுகின்றன. உடல் வளர்க்க வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியுள்ள நீரிலிருந்தும் இழுத்துக்கொள்கின்றன. அதனால் இலையின் எடை குறையக் குறைய, அதில் தழைச்சத்தின் விகிதம் ஏறுகிறது. விழுந்த அன்றைவிட அழுகிய பிறகே இலை நல்ல தீனி. அதைக் கொறிக்கும் இறாலுக்குச் சேர்வதில் கணிசமானது மேலே படர்ந்த நுண்ணுயிர்களின் சத்து.

நண்டுகள் இந்த வரிசைக்குக் காத்திருப்பதில்லை. விழுந்த இலையைக் கொடுக்கால் பற்றி வளைக்குள் இழுத்துப்போகின்றன. ஓதத்தோடு கடலுக்குப் போயிருக்க வேண்டிய இலை இப்படிக் காட்டிலேயே தங்குகிறது. நண்டு தின்று கழித்த பொடியில் நுண்ணுயிர் இன்னும் வேகமாகப் பற்றும்.

மக்கும் வேகத்தை அளக்க ஆய்வாளர்கள் கையில் இருப்பது வெறும் நைலான் வலைப்பை. எடைபோட்ட இலைகளைப் பைகளில் தைத்துச் சேற்றில் கட்டிவிடுவார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பையாக எடுத்துக் கழுவி, உலர்த்தி, மறுபடி எடைபோடுவார்கள். சிறுகண் வலைக்குள் நண்டு நுழையாது என்பதால் இந்தக் கணக்கு உண்மை வேகத்தைக் குறைத்தே காட்டும். ஆனாலும் மரத்துக்கு மரம் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிந்துவிடும்: டானின் குறைந்த, மெல்லிய வெண்கண்டல் இலை சுரபுன்னை இலையை எளிதாக முந்திவிடுகிறது.

சேற்றில் புதைந்ததன் கதை வேறு. மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அதற்குக் கீழே, கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்களின் ராஜ்யம். சேற்றை மிதித்தால் கிளம்பும் அழுகிய முட்டை நாற்றம் அவை விடும் ஹைட்ரஜன் சல்பைடு. லிக்னினைச் சிதைக்கும் பூஞ்சைகளுக்கு ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. எனவே நார்த்தன்மை மிகுந்த வேர்கள் நூற்றாண்டுகள் கடந்தும் முழுதாக மக்காமல் சேற்றுக்குள் கறுத்துக் கிடக்கின்றன.